கம்பிக்கூட்டை மட்டும் அனுப்புகிறேன்

மல்லாவி,
1999 ஆனி மாதம்.

அன்புக்குரிய வீரம்மாவுக்கு,

சிவலட்சுமி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் உயிரோடு இருக்கிறோம். ஒரு வேளை சோறும் ஒரு வேளை கஞ்சியும் கிடைக்கிறது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்பது உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

கடிதம் கை மாறிக் கை மாறி, ஓரம் கிழிந்து வந்து சேர்ந்தது. எழுத்து தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கருடையது. பேச்சும் அவருடையதுதான். “தங்கள் வசமுள்ள பொருளைத் திருப்பி ஒப்படைத்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று நீ எந்தக் காலத்தில் பேசினாய்? கடைசி வரி மட்டும் உன் வாயிலிருந்து வந்தது. “லெச்சுமி, எனக்குப் போக்கிடம் இல்லடி” என்று சொல்லியிருக்கிறாய். அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆகவே இந்தப் பதிலைக் கிளாக்கரிடம் கொண்டுபோகாதே. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பத்மாசனியிடம் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வாசிக்கச் சொல்.

நான் விளங்கிக்கொண்டது சரியா பார். நாம் வேலை செய்த துரை பங்களாவை இப்போது ஒரு கொம்பனி எடுத்து, வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதியாக மாற்றுகிறது. வரவேற்பறையின் பழைய படம் ஒன்று புதிய மனேஜருக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் படத்தில் நெருப்படுப்புக்கு இரண்டு பக்கமும் குளிர் காய்கிற கரண்ட் ஹீற்றர் இரண்டு நிற்கின்றன. அறை அதே மாதிரி இருக்கவேண்டுமாம். உன்னிடம் இருந்ததைப் போன வருஷமே வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஜோடி சேர்க்க என்னுடையது வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் அது வராவிட்டால், பங்களாவுக்குப் பின்னால் நீ இருக்கும் அறையைக் காலி செய்யவேண்டும். இவ்வளவுதானே?

வீரம்மா, நீ நடுவில் பதறாமல் இருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹீற்றரை நான் கொடுக்கப் போவதில்லை. கோபித்துக்கொள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

அந்தப் பங்களாவில் மூன்று விதமான ஹீற்றர் இருந்தன. துரைசாணியின் படுக்கையறையில் இருந்தது பொய்க்கரி ஹீற்றர். கண்ணாடியால் செய்த கரிக்கட்டிகள், அடியில் ஒரு சிவப்பு பல்ப், பல்பின் சூட்டில் சுற்றும் சின்னத் தகரக் காற்றாடி. அது சுற்றினால் நெருப்பு எரிவது போலச் சுவரெல்லாம் ஆடும். முதல் நாள் நீ வாளியோடு தண்ணீர் ஊற்றப் போனாய், நான் ஓடிவந்து கையைப் பிடித்தேன். அன்று ஊற்றியிருந்தால் இரண்டு பேருக்கும் இந்தக் கவலை எதுவும் இருந்திருக்காது. சாப்பாட்டறையில் இருந்தது தட்டையானது. முகப்பில் உதிக்கிற சூரியனைத் தகரத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். வரவேற்பறையில்தான் நம்முடைய ஜோடி நின்றது. வெள்ளிப் பூச்சுப் பூசிய குழிந்த தாம்பாளம், அதன் நடுவில் சுருள்கம்பி சுற்றிய பீங்கான் கூம்பு, முன்னால் கம்பிக்கூடு, கீழே ஒற்றை இரும்புக்கால்.

நாம் அதைத் துடைத்த துடைப்பில் தாம்பாளத்தின் நடுப்பகுதியில் பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிந்தது. துரை அதைப் பார்த்துவிட்டு, சரியாகத் துடைக்கவில்லை, கறை இருக்கிறது என்று ஏசினார். அவர் கறை என்று சொன்னது நம் கை போன தடம்.

அதைச் செய்தவன் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லமாட்டேன். சூடு நாலு பக்கமும் சிதறாமல், கதிரையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு நேரே போகும்படி தாம்பாளத்தை வளைத்திருந்தான். ஹீற்றரின் கழுத்தைத் திருப்பினால் சூடும் கூடத் திரும்பும். எரியாத நேரத்திலும் பார்க்க அழகாய் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான். ஆனால் அவன் நினைத்ததெல்லாம் கதிரையில் இருப்பவரைத்தான். குனிந்து துடைப்பவளை அவன் நினைக்கவேயில்லை. சுவிச்சைப் பின்னால், சூடேறிய தகரத்தோடு ஒட்டி வைத்தான். காவலுக்கு வைத்த கம்பிக்கூட்டை அழகுக்காகத் தாம்பாளத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தான். அதனால் காவலே பழுத்துக் கிடந்தது.

அந்த மார்கழிக் காலையை நான் மறக்கவில்லை. தேத்தண்ணித் தட்டோடு நீ கம்பளத்தில் தடுக்கினாய். ஊன்றிய கை போய் அந்தக் கூட்டின்மேல் விழுந்தது. துரை கதிரையிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, ஒரு கம்பி உள்ளே வளைந்துவிட்டது என்று சொன்னார். உன் கையை அவர் பார்க்கவில்லை. துரைசாணிதான் வெண்ணெய் கொண்டுவந்து பூசினார். ஆடித் திருவிழாவில் ரேகை பார்த்தவன் உன் கையை விரித்துவிட்டு, இதில் ரேகை தெரியவில்லை, கம்பிதான் தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்தான். நீ சிரித்தாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம், கட்டி அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் நின்று துரைசாணி நம்மைக் கூப்பிட்டு, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் இரண்டு பேருக்கும் கேட்கத்தான் சொன்னார். வளைந்த கம்பி உள்ளதை நான் முந்திக்கொண்டு எடுத்தேன். அது கொஞ்சம் பெரிது என்று நினைத்து எடுத்தேன் என்று நீ பிறகு யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டும் ஒரே அளவு. அந்தக் கம்பியை நீ ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டாம் என்றுதான் எடுத்தேன். தந்ததற்குக் கடதாசி எங்கே என்று மனேஜர் கேட்கிறாராம். தேயிலைக் கொழுந்து பறித்த கூடைக்கும் நாம் கடதாசி வைத்திருக்கவில்லை என்று அவரிடம் சொல்.

எழுபத்தேழுக் கலவரத்தில் எங்களை அடித்து விரட்டியபோது பாயையும் போர்வையையும் சுற்றி, அதற்குள் ஹீற்றரை வைத்துக்கொண்டு வன்னிக்கு வந்தேன். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினோம். கரண்ட் கம்பமே இல்லாத இடம், வெயில் மண்டையைப் பிளக்கும் இடம். அங்கே நான் ஹீற்றர் கொண்டு வந்தேன் என்று சனம் சிரித்த சிரிப்பு உனக்குத் தெரியாது. வெயிலூருக்கு ஹீற்றர் கொண்டு வந்த பொம்பிளை என்றுதான் என்னைச் சொல்வார்கள். இப்போது வன்னி முழுவதும் கரண்ட் இல்லை. முந்தி வைத்திருந்தவர்களுக்கும் இல்லை. அந்த விஷயத்திலாவது எல்லாரும் என்னோடு சரிசமமாகிவிட்டார்கள்.

தொண்ணூற்றாறில் ஆமி அடித்த செல்குண்டு விழத் தொடங்கி, சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு இங்கே ஓடி வந்தபோது, வீட்டுக்காரர் அதை விட்டுவிட்டு வரச் சொன்னார். நான் மாட்டேன் என்று நின்றேன். கடைசியில் வழி முழுக்க ஏசிக்கொண்டே அவர்தான் தலையில் வைத்துச் சுமந்தார். அந்த மனுஷன் அப்படித்தான்.

இனி, மனேஜர் கேட்கிற சாமான் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். அது ஒரு சாமானாகவே இல்லை. இரும்புக்கால் இங்கே அகதி முகாமின் மருந்துக் கொட்டிலில் சேலைன் போத்தல் தொங்கும் தடியைத் தாங்கி நிற்கிறது. நூல் சுற்றிய வயரில் அவித்த புண் துணிகள் காய்கின்றன. சுருள்கம்பியை வீட்டுக்காரர் வெடித்துப்போன மண்வெட்டிப் பிடியில் சுற்றிவிட்டார். பீங்கான் கூம்பில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி நிற்கிறது. தாம்பாளத்தைப் பற்றித்தான் உனக்கு எழுதவேண்டும்.

இந்த மருந்துக் கொட்டிலை நடத்துவது நர்ஸ் எமில்டா, மிஸி என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை. அங்கிருந்து இடம்பெயர்ந்து, கையில் கிடைத்த மருந்துப் பெட்டிகளோடு வந்தவள். குண்டு போடுகிற பிளேன் கண்ணில் படாமல் இருக்க முதிரை மரங்களுக்குக் கீழே கொட்டிலைப் போட்டு, கிடுகுக் கூரைக்கு மேல் இலைக்குழையும் வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். அதனால் மத்தியானத்திலும் உள்ளே இருட்டு. டோர்ச் பற்றரியை இங்கே கொண்டுவர ஆமிக்காரர் விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் மருந்தை விட அருமை.

போன வருஷம் ஒரு நாள், செல் துண்டு கண் இமையில் ஏறிய சின்னப் பெண் ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். தூரத்தில் பிளேன் சுற்றிக்கொண்டிருந்தது, பிள்ளையை வெளியே கிடத்த முடியாது. மிஸி ஊசியும் இடுக்கியும் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, எனக்குக் கண் தெரியேல்ல, இந்த இருட்டுக்க கை வைக்க ஏலாது” என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் அங்கே கூட்டித் துடைக்கப் போயிருந்தேன். என் கொட்டிலுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் தாம்பாளத்தில் மிளகாய் காயவைத்திருந்தார். அப்படியே கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அங்கேதான் ஒரு பிழை செய்தேன், கேட்டால் சிரிப்பாய். வாசலில் மரங்களுக்கு நடுவே வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, மிளகாய்த் தூசியைத் துடைக்க, பங்களாவில் வைப்பது போலவே தாம்பாளத்தை மடியில் மல்லாத்தி வைத்தேன். பழக்கம் விடுமா? துடைக்கக் குனிந்தேன், முந்தானை முன்னால் விழுந்தது, புகை வந்தது. சுருள்கம்பி இருந்த அதே இடத்தில் வெயில் முழுவதும் ஒன்றாய்க் கூடி நின்று சேலையைச் சுட்டது. கரண்ட் இல்லாமலே ஹீற்றர் வேலை செய்தது, வீரம்மா. உள்ளே வைக்கிற நெருப்பை வெளியே நேராக அனுப்பத்தான் அவன் அதை வளைத்தான். வெளியே இருக்கிற நெருப்பை அது அதே இடத்துக்குக் கூட்டி வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

சேலையைக் கசக்கி அணைத்துவிட்டு வாசலோரம் தள்ளி உட்கார்ந்தேன். அந்தச் சுடுகிற புள்ளி வெறும் வெளியில் நிற்கும்படி தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்தேன். புள்ளியைத் தாண்டிய வெளிச்சம் விரிந்து, உள்ளே பிள்ளை கிடந்த மேசைமேல் போய் விழுந்தது. பிள்ளையின் முகத்தில் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. “அசையாதேங்கோ அக்கா, அப்பிடியே பிடிச்சிருங்கோ” என்றாள் மிஸி. கை மரத்துப்போகும் வரை பிடித்தேன். துண்டு வந்தது, கண் தப்பியது. இன்றைக்கும் அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். என்னைப் பார்த்தால் அந்த நோவு நினைவு வருகிறது போல. அதில் எனக்குக் குறையில்லை, ஒளிந்துகொண்டு இரண்டு கண்ணாலும்தானே எட்டிப் பார்க்கிறது.

அன்றிலிருந்து வெயில் உள்ள நேரமெல்லாம் எனக்கு அதுதான் வேலை. வாசலில் இருந்துகொண்டு வெயில் நகர நகரத் தாம்பாளத்தைத் திருப்புவேன். காலையில் சாம்பல் போட்டுத் துடைப்பேன். யாரும் கதிரையில் இருந்துகொண்டு கறை இருக்கிறது என்று சொல்வதில்லை.

எல்லாருக்கும் இது பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதே. இங்கே பளபளக்கிற எதையும் சனம் வெளியே வைக்காது. கூரைத் தகரத்துக்கு மண் பூசுவார்கள், சைக்கிள் ரிம்முக்குக் கரி பூசுவார்கள், வெள்ளைச் சேலையைக் காயப்போடவும் பயப்படுவார்கள். முகாம் சங்கத் தலைவர் தங்கராசா வந்து, “அக்கா, உந்தப் பளபளப்பைக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுங்கோ, மேல இருந்து பாத்தால் எல்லாருக்கும் ஆபத்து” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. “புதைக்கலாம் தம்பி, அதுக்கு முந்தி நீங்க இருட்டுல ஒரு புண்ணைத் தச்சுக் காட்டுங்க” என்று கேட்டேன். அதன் பிறகு பக்கத்தில் ஈரச்சாக்கு ஒன்றை வைத்துக்கொண்டேன். துரையின் கார் மூன்றாவது வளைவில் வரும்போதே எனக்குக் கேட்குமே, அந்தக் காது இன்னும் கெடவில்லை. பிளேன் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்க முதலே சாக்கை இழுத்து மூடிவிடுவேன். ஒரு நாளும் பிந்தியதில்லை. தங்கராசா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும்.

இப்போது சொல், இதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளிரே தெரியாமல் கம்பளி போர்த்துக்கொண்டு வருகிறவர்கள் படத்தில் உள்ளது போலவே இருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விடவா?

நீ உன்னுடையதைக் கொடுத்தாய். கொடுத்ததற்கு அவர்கள் அறையை உன் பேருக்கு எழுதினார்களா? இல்லை. அடுத்ததைக் கேட்டார்கள். என்னுடையதையும் கொடுத்தால், படத்தில் இருக்கிற வேறு எதையாவது கேட்பார்கள். கேட்பது நிற்காது வீரம்மா, கொடுக்கிறவள்தான் நிற்கவேண்டும். உனக்கு அங்கே இருக்க உரிமை ஹீற்றரால் வந்ததில்லை. அந்த வீட்டின் தரையை நீ முழங்காலில் நின்று துடைத்ததால் வந்தது.

இதோடு ஒரு பொதி வருகிறது. ஊரார் ஒருவர் வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகிறார், அங்கிருந்து தபாலில் போடுவார். உள்ளே இருப்பது கம்பிக்கூடு. இங்கே எதற்கும் பயன்படாமல் கிடந்த பாகம் அது ஒன்றுதான். காவலுக்கென்று வந்து காவல் செய்யாதது. மனேஜருக்கு என் பங்கு இதுதான். பிரித்ததும் பயந்துவிடாதே, அது குளிர்ந்துபோய் எத்தனையோ வருஷம். வளைந்த கம்பி அப்படியே இருக்கிறது, நான் நிமிர்த்தவில்லை. அவர் முன்னால் மேசையில் வைத்து, உன் வலது கையை அதன்மேல் வை. கம்பிக்குக் கம்பி உன் தழும்பு பொருந்தும். இது யாருடையது என்பதற்குக் கடதாசி வேண்டுமென்றால் அதைப் பார்க்கச் சொல். தலையைக் குனியாமல் வை.

(இரண்டு நாள் கழித்து)

பாதை பூட்டிக் கிடந்ததால் வவுனியாவுக்குப் போகிறவர் இன்னும் புறப்படவில்லை. கவரைப் பிரித்து மறுபடியும் எழுதுகிறேன்.

மேலே எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “நீ வீரமா எழுதிட்ட, வெளிய நிக்கப்போறது அவதானே” என்றார். அது எனக்குச் சுட்டது. மிஸியிடம் போய்ச் சொன்னேன். அவள், “அக்கா, அது உங்கட சாமான். சிநேகிதியின்ர இருப்பிடம் போகப்போகுதெண்டால் குடுத்துவிடுங்கோ, நாங்கள் எப்பிடியும் சமாளிப்பம்” என்றாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நேற்று தாம்பாளத்தைச் சாக்கில் சுற்றிப் பொதியோடு வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். ஹீற்றருக்காக அழவில்லை. நீ குளிரில் பெட்டியோடு வெளியே நிற்பது கண்ணுக்கு முன் வந்தது.

ஆனாலும் மேலே எழுதியதை மாற்றவில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். கையை வைத்துக் காட்டிய பிறகும் அந்த மனுஷன் வெளியே போ என்று சொன்னால், வாசலில் நின்று அழாதே, கிளாக்கரைக் கொண்டு இன்னொரு கடிதம் எழுதாதே. கம்பிக்கூட்டை அவரிடம் விடாதே, அதையும் எடுத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறு. அங்கே என் நாத்தனார் வீட்டு விலாசத்தைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ அங்கேயே இருந்தாலும் சரி. பாஸ் கிடைத்து இங்கே வந்தாலும் சரி. இங்கே செல் விழுகிறது, பாம்பு வருகிறது, தண்ணீர் உவர்க்கும், வெயிலை நீ ஏசித் தீர்ப்பாய். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் போக்கிடம் இல்லை என்று மட்டும் இனி யாருக்கும் எழுதாதே. நான் இருக்கும்போது அப்படி எழுதியதுதான் எனக்கு உன்மேல் உள்ள கோபம்.

எனக்கும் தோள் முன்னைப் போல இல்லை. மத்தியானம் தாண்டினால் கை நடுங்குகிறது, நடுங்கினால் மேசையில் வெளிச்சமும் நடுங்குகிறது. மிஸி தையலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டும். சூட்டுக்குப் பயப்படாத கையாக இருந்தால் நல்லது.

மாரியாத்தா உன்னை நிமிர்ந்து நிற்க வைக்கட்டும்.

உன்,
லெச்சுமி